சவூதிக்குப் போகாத ஷரிபுதீன்

கல்முனைச் சந்தையில் புடவைக் கடை வைத்திருந்த அபுல் ஹஸனின் தம்பி ஷரிபுதீன், சவூதியில் வாகன விபத்தில் மௌத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டான் என்றுதான் அந்தத் தெருவுக்குத் தெரியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜும்ஆ முடிந்த கையோடு காயிப் ஜனாஸாத் தொழுகையும் நடந்தது. மய்யித்து முன்னால் இல்லாமல், தூரத்தில் இறந்தவருக்காக ஊர் நின்று தொழும் தொழுகை அது. முன் வரிசையில் நின்று தொழுதவர் அபுல் ஹஸன். தம்பி சவூதியைக் கண்ணாலும் கண்டதில்லை என்பது அத்தனை வரிசைகளிலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஷரிபுதீன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். வாப்பா உயிரோடிருந்த காலத்தில் இறக்காமத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வேளாண்மைக் காவலுக்கென்று போனவன், உழவு மெசின்காரனோடு ஒட்டிக்கொண்டு ஓட்டப் பழகிவிட்டான். கதிர் முற்றிய நாட்களில் யானை இறங்கினால் மற்றவர்கள் பரணில் ஏறிக் கூக்குரல் போடுவார்கள். இவன் மெசினை முடுக்கி, லைற்றைப் போட்டு, யானைக்கு நேரே விடுவான்.

"உனக்குப் பயமே இல்லயாடா?" என்று ஒருநாள் அபுல் ஹஸன் கேட்டார். அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அதுக்கும் பயம், எனக்கும் பயம் காக்கா. எனக்கிட்ட லைற் இரிக்கி, அதுக்கிட்ட இல்ல. அவ்வளவுதான்."

வளர்ந்ததும் ஐஸ் மீன் லொறிக்குப் போனான். கூட ஓட்டியவன் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் தங்கத்துரை. ஒருவன் ஓட்ட மற்றவன் தூங்கி, இருவருமாகக் கொழும்புக்கு மீன் கொண்டுபோவார்கள். வழியில் கடைக்குக் கடை நிறுத்தித் தேநீர் குடித்ததில் ஷரிபுதீனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடாயிற்று. பெருநாளைக்குத் தங்கத்துரை இங்கே சாப்பிடுவான்; பாண்டிருப்புக் கோயிலில் தீமிதிப்பு என்றால் இவன் அங்கே போய் நிற்பான். "இறங்கிறியா மச்சான்?" என்று அவன் சீண்டினால், "வேணாம்டா, உன்ட லொறி எஞ்சின்ட சூடே எனக்குப் போதும்" என்பான்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு கொழும்புக்கு லொறி ஓடுவது நின்றது. முதலாளி லொறியை விற்றுவிட்டார். தங்கத்துரை தகப்பனின் வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போனான். ஷரிபுதீனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது கல்முனையில் எந்த வீட்டுக் கொடியைப் பார்த்தாலும் சவூதித் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அவனும் கொழும்பில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தான். புறப்பட்ட அன்று தெருவே வாசலில் நின்றது. பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்த மஜீட் ஹாஜியார் அவன் தலையில் கை வைத்துத் துஆ ஓதினார். தங்கத்துரை பஸ் நிலையம் வரை பெட்டியைச் சுமந்துகொண்டு போய், பஸ் மறையும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

கொழும்பில் ஏஜென்சிக் கதவில் பூட்டுத் தொங்கியது. விசாவும் பொய். பெட்டியோடு அவன் புறக்கோட்டையில் சில நாள் அலைந்தான். ஊருக்குத் திரும்ப வெட்கம். துஆ ஓதி அனுப்பிய தெருவுக்குள் அதே பெட்டியோடு எந்த முகத்தோடு நுழைவது? அந்த நேரத்தில்தான் ஆமிக்குச் சாரதிகளை எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். சிங்களம் தெரிந்த, பெரிய வாகனம் ஓட்டத் தெரிந்த பையனை அவர்கள் ஏன் விடப்போகிறார்கள்? சேர்ந்துவிட்டான்.

இந்தச் செய்தியை முதல் லீவில் வந்தபோதுதான் வீட்டில் சொன்னான். உம்மா பாத்தும்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மனே, ஆக்களச் சுடுற வேலயாடா அது?"

"இல்ல உம்மா. நான் ஸ்டியரிங் புடிக்கிறவன். துவக்கு பின்னுக்கு இரிக்கிறவன்ட கையில."

"ரெண்டும் ஒரே வண்டியிலதானே போகுது" என்றார் அபுல் ஹஸன்.

அடுத்த முறை வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றான் ஷரிபுதீன். சேர்ந்தவன் நினைத்த நேரத்தில் விட்டுவிட்டு வர முடியாது என்பது பிறகுதான் விளங்கியது.

வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர் அபுல் ஹஸன்தான். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாண்டிருப்புச் சனம். அங்குள்ள எத்தனையோ வீடுகளில் பொடியன்மாரை ஆமி பிடித்துப் போயிருந்தது. சில வீடுகளில் பொடியன்மார் இயக்கத்துக்குப் போயிருந்தார்கள். ஆமிக்காரன் வீடு என்று ஒரு சொல் காற்றில் பறந்தால் போதும். பயம் உண்மையான பயம்தான். ஆனால் சவூதிக்காரன் வீடு என்ற பேரில் ஒரு சுகம் இருந்ததும் உண்மை. சந்தையில் அவருக்குக் கதிரை இழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஆகவே ஷரிபுதீன் லீவில் வரும்போதெல்லாம் சவூதியிலிருந்து வந்தான். புறக்கோட்டைக் கடைகளில் வாங்கிய பேரீச்சம்பழம், அத்தர், துவாய், உம்மாவுக்குத் தஸ்பீஹ் மணி. தெருவார் வந்து சூழ்ந்துகொள்வார்கள்.

"அங்கத்த வெயில் எப்பிடிடா?" என்று மஜீட் ஹாஜியார் கேட்பார்.

"நம்மட வெயில் மாதிரி இல்ல ஹாஜியார். வெறும் மணல். மரமும் நம்மட தென்ன மாதிரி இல்ல. கறுத்து, உசந்து, ஒத்த ஒத்தயா நிக்கும். தண்ணி கிணத்துல உப்புக் கரிக்கும்."

"ஒட்டகத்துல ஏறினியா?"

"ஒட்டகத்த விடப் பெரிய சாமானெல்லாம் ஓட்டுறன் ஹாஜியார்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவன் ஆமியோடு போய்ப் பார்த்த வடக்கின் பனங்காட்டைத்தான் சொல்கிறான் என்பது அபுல் ஹஸனுக்குத் தெரியும். பொய்யே சொல்லாமல் பொய் சொல்லுகிற கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கூட இருக்கிறார். ஆனால் ஒருமுறை, ஆட்கள் போனபிறகு, ஷரிபுதீன் துவாய்களை மடித்து வைத்தபடி சொன்னான்: "காக்கா, அங்கயும் சனம் நம்மளக் கண்டா கதவச் சாத்துது. இங்க வந்து நான் நம்மட சனத்துக்குக் கத சாத்துறன். எனக்கு ஒரு இடமும் முகத்தக் காட்டேலாம இரிக்கி."

"கொஞ்சக் காலம்தானேடா" என்றார் அவர்.

எண்பத்தைந்து முடிகிற நேரம் புறக்கோட்டையிலிருந்து தந்தி வந்தது. வீட்டு வாசலுக்கு ஜீப் வந்துவிடக்கூடாது என்று, ஆமியில் தன் முகவரியாக அபுல் ஹஸன் புடவை எடுக்கும் மொத்தக் கடையைத்தான் ஷரிபுதீன் கொடுத்திருந்தான். உடனே வரவும் என்று மட்டுமே அதில் இருந்தது. அவர் தனியே போனார்.

கடையின் பின்னறையில் ஆமியிலிருந்து வந்த ஒரு மலாய் முஸ்லிம் அதிகாரி காத்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லி, தமிழிலேயே விஷயத்தைச் சொன்னார். வடக்கே ஒரு வீதியில் கண்ணிவெடி. வண்டியில் முன்னால் இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை. உடல் கழுவிக் கபன் துணி சுற்றக்கூடிய நிலையில் இல்லை. பெட்டி மூடித்தான் இருக்கிறது.

"வீட்டுக்குக் கொண்டு போறீங்களா? ஹெலியில அம்பாறைக்கு அனுப்பலாம். அங்க இருந்து எங்கட வாகனம் வீட்டு வாசல் வரைக்கும் வரும். மரியாதையெல்லாம் செய்வாங்க."

அபுல் ஹஸனின் கண்ணுக்கு முன்னால் தெரு வந்தது. கொடி போர்த்திய பெட்டி. சப்பாத்துக் கால்கள். கதவிடுக்கால் பார்க்கும் பெண்கள். மஜீட் ஹாஜியார். கடைக்கு வரும் பாண்டிருப்புப் பெண்கள்.

"இங்கயே அடக்கிடுங்க" என்றார்.

அதிகாரி முன்னால் சாய்ந்தார். "உம்மா இருக்காங்கதானே? அவங்க பெட்டியையாவது பாக்க வேணாமா?"

"உம்மாக்கு நெஞ்சு வருத்தம். தாங்கமாட்டா."

உம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் எதுவும் இல்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடி வாசல் வரை அபுல் ஹஸன் போனார். உள்ளே சீருடைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு பத்திரிகைக்காரன் கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அங்குமிங்கும் திரிந்தான். படம் பேப்பரில் வரும். பேப்பர் கல்முனைச் சந்தைக்கும் வரும். கபுறடியில் குனிந்து மண் அள்ளுகிறவனின் முகம் அதில் தெரியும். அவருடைய கால் அப்படியே நின்றது. வீதியைக் கடந்து எதிரிலிருந்த தேநீர்க் கடைக்குள் போய், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வாங்கிய தேநீர் ஆடை கட்டியது. மரியாதை வேட்டுச் சத்தம் கேட்டபோது கடைக்காரன் எட்டிப் பார்த்து, "ஆமிக்காரன் ஒருத்தன்ட மய்யித்து" என்று அவரிடமே சொன்னான்.

"அப்பிடியா?" என்றார் அபுல் ஹஸன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எழுந்து உள்ளே போக அவரால் முடியவில்லை. மய்யித்து கபுறுக்குள் இறங்கியதும் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். அந்நியருக்கும் போடுவார்கள். வழியால் போகிறவன்கூட நின்று போட்டுவிட்டுப் போவான். கூடப் பிறந்தவரின் கை அன்று தேநீர்க் கோப்பையில் இருந்தது.

வீட்டில் உம்மா அழுது முடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ போகக்குள்ள இருந்தானா மனே? மண் போட்டியா?"

"மையவாடிக்குக் கொண்டு போயிட்டாங்க உம்மா. அங்க போய்த்தான் புடிச்சன். மண் போட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ். ஒருத்தராவது நம்மட ஆள் நிண்டிரிக்கியே."

பிறகுதான் அந்த ஜும்ஆத் தொழுகை. சவூதியில் எந்த ஊர் என்று மௌலவி கேட்க, வாய்க்கு வந்த ஊரை அபுல் ஹஸன் சொன்னார். தொழுது முடித்த சனம் வரிசையாக வந்து அவருக்குக் கைகொடுத்தது. அழுது ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். அவர்களோ வாழ்த்தினார்கள்.

"நம்மட தெருவுல எத்தன பேர் ஹஜ்ஜுக்குப் போய் அங்க மௌத்தாகணும் எண்டு துஆ கேட்டிரிக்காங்க!" என்று மஜீட் ஹாஜியார் அவரைக் கட்டிப்பிடித்தார். "லொறியோட்டிப் பொடியனுக்கு அந்த மண்ண அல்லாஹ் குடுத்திட்டான், பாத்தியா!"

பெண்கள் உம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். புண்ணிய மண்ணில் கிடக்கிற பிள்ளையைப் பெற்ற வயிறு என்றார்கள். உம்மா முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டார். அழுகையென்று அவர்கள் நினைத்தார்கள்.

தங்கத்துரை ஒரு மாலையில் கடைக்கு வந்தான். கடல் உப்புப் படிந்த இடுப்புச் சாரத்தோடு, உள்ளே ஏறாமல் படியிலேயே நின்றான். கடையில் வேறு யாரும் இல்லை.

"காக்கா, ஷரிய எங்க வச்சிங்க? ஒருக்காப் போய்ப் பாக்கணும்."

"சவூதியிலதான் தம்பி. உனக்குத் தெரியாதா?"

தங்கத்துரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் அபுல் ஹஸனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஷரிபுதீன் இவனிடம் சொல்லியிருக்கிறான். ஊரில் இவன் ஒருவனிடம் சொல்லியிருக்கிறான். தெரிந்துகொண்டு இரண்டு வருடம் இவன் வாயைத் திறக்கவில்லை. யாருக்குப் பயந்து தம்பியை மறைத்தாரோ, அவர்களுடைய தெருவில் இருந்துகொண்டே திறக்கவில்லை. இப்போதும் உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். பக்கத்தில் ஆளில்லை. ஆனால் பொய் அவர் நாக்கில் பாய் போட்டுப் படுத்துவிட்டது.

"அங்க கபுறெல்லாம் கட்டுறல்ல. பேரும் எழுதுறல்ல" என்று மேலும் சொன்னார்.

"ஓம் காக்கா" என்றான் தங்கத்துரை. "அவன் நல்ல ட்ரைவர்." துடைக்காத கண்ணோடு படியிறங்கிப் போனான். அதன்பிறகு அவன் வீட்டார் புடவைக்கு வேறு கடைக்குப் போனார்கள்.

அடுத்த ஹஜ்ஜுக்கு மஜீட் ஹாஜியார் மறுபடியும் புறப்பட்டார். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாக வந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களைப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போவார். அப்படி இந்த வீட்டுக்கும் வந்தார். கதிரையில் உட்கார்ந்து, உம்மா நின்ற திரைச் சீலைப் பக்கம் பார்த்து, "பாத்தும்மா, நான் ஏதும் குற செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்குங்க" என்றார். பிறகு அபுல் ஹஸன் பக்கம் திரும்பினார்.

"சரி தம்பி, விலாசத்தச் சொல்லு. எந்த மையவாடி? ஷரிபுதீன்ட கபுற ஸியாரத் செய்யாம நான் திரும்புறல்ல எண்டு நிய்யத்து வச்சிட்டன்."

"அது தூரம் ஹாஜியார். உங்களுக்குக் கஷ்டம்."

"உன்ட தம்பி எனக்குப் புள்ள. கஷ்டமென்ன கஷ்டம்? ஜித்தாவுல நம்மட ஆக்கள் இரிக்காங்க. ரெண்டு நாள் தேடினாலும் தேடுவன்."

"ஜித்தாவுக்கு அங்கால..." என்று அவர் தொடங்கினார்.

"தேடாதீங்க ஹாஜியார்." திரைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "அங்க அவன் இல்ல. என்ட புள்ள சவூதிக்குப் போகவே இல்ல. ஆமியில இருந்தவன். கொழும்புலதான் கிடக்கான்."

மஜீட் ஹாஜியார் கையிலிருந்த தஸ்பீஹைச் சட்டைப் பையில் வைத்தார். திரும்ப எடுத்தார்.

"பொருத்தம் கேக்க வந்தது நீங்க. கேக்க வேண்டியது நாங்க" என்றார் உம்மா. "ஹஜ்ஜுக்குப் போற மனிசன, இல்லாத கபுறத் தேடி வெயில்ல அலைய உட்டா அந்தக் குத்தத்த நான் எங்க கொண்டு போய்ப் போடுற?"

"ஆமியில இருந்தா என்ன, அவன் மய்யித்து இல்லயா?" என்றார் ஹாஜியார். "நாங்க தொழுதது அவனுக்குத்தான். போய்ச் சேரும். ஆனா நான் சந்தி சந்தியா நிண்டு, நம்மட புள்ளைக்கு அந்த மண் கிடச்சிட்டு எண்டு சொல்லித் திரிஞ்சனே. ஏன் என்னய அப்பிடித் திரிய உட்டீங்க?"

"பயம் ஹாஜியார்" என்றார் அபுல் ஹஸன்.

"பயம் விளங்குது. பயத்துக்கு வாய மூடலாம். நீ வாழ்த்தையெல்லாம் கைநீட்டி வாங்கினியே."

அபுல் ஹஸன் நிலத்தைப் பார்த்தார்.

"மூத்தவனக் கோவிக்காதீங்க" என்றார் உம்மா. "அவன் ஒருத்தன்தான் ஓடிப் போய், கபுறடியில நிண்டு, தம்பிக்கு மண் போட்டவன்."

ஹாஜியார் எழுந்தார். "அப்ப உம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு தம்பி. கொழும்பு மக்காவ விடக் கிட்டத்தானே." வாசலுக்குப் போனவர் திரும்பி நின்று, "பொருந்திட்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உம்மா பயணத்துக்கு ஆயத்தமானார். றோட்டு மறித்திருக்கிறார்கள் என்றார் அபுல் ஹஸன்; சில நாளில் றோட்டைத் திறந்துவிட்டார்கள். கடையில் வேலை என்றார். உம்மா பூட்டச் சொன்னார். மாரி தொடங்குவதற்குள் இருவரும் கொழும்பு பஸ்ஸில் இருந்தார்கள். வழி நெடுகச் சோதனைச் சாவடிகளில் ஏறி இறங்கிய களைப்பு உம்மாவின் முகத்தில் இல்லை.

"எந்தப் பக்கம் மனே அவன்ட கபுறு? மதிலோரமா?"

"ஓம்."

"பக்கத்துல மரம் இரிக்கா?"

"இரிக்கி உம்மா."

"பெரிய மரமா? நிழல் விழுமா?"

"விழும்" என்றார் அவர்.

மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. உம்மா இரும்புக் கம்பிக் கதவுக்கு வெளியே, இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ போய் அவன்ட தலமாட்டுல நில்லு மனே. நான் இஞ்ச நிண்டு பாத்துக்குறன். யாஸீன் ஓதப்போறன்."

அபுல் ஹஸன் உள்ளே நடந்தார். வரிசை வரிசையாக மண் மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பலகை. மதிலோரம் மரமே இல்லை. எதன் முன்னாலாவது நின்று கையை ஏந்திவிட்டால் போதும். உம்மா அதையே மகனாக எண்ணி ஓதிவிட்டு வருவார். யாருக்கும் தெரியாது. ஒரு மேட்டருகில் நின்றும்விட்டார். கையை உயர்த்தப் பார்த்தார். உள்ளே யாரோ கிடக்கிறார்கள், யாருடைய பிள்ளையோ. கை எழும்பவில்லை.

கபுறு வெட்டும் மனிதர் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தார். "யாரத் தேடுறீங்க?"

அபுல் ஹஸன் கதவைத் திரும்பிப் பார்த்தார். பேசினால் கேட்கிற தூரம்தான்.

"கல்முனை ஷரிபுதீன். போன வருசம் அடக்கினது. ஆமியில இருந்தவர்."

"ஆ, பெட்டியோட அடக்கின பையனா? வாங்க, அது இந்தப் பக்கம் இல்ல." அந்த மனிதர் முன்னே நடந்தார். "யாரும் வரல்லயேண்டுதான் நானும் பாத்தேன். நீங்க அவருக்கு யாரு?"

"காக்கா" என்றார் அபுல் ஹஸன். "கூடப் பிறந்த காக்கா."

மையவாடியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, வழி தெரியாத ஒருவனாக, அந்நியர் ஒருவரின் பின்னால் அவர் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் உம்மாவின் இரண்டு கண்களும் பதிந்திருப்பது நடையில் தெரிந்தது. தம்பியின் கபுறு வேலியோரத்தில், வெயிலில் கிடந்தது. மண் இறுகிப் புல் முளைத்திருந்தது. யாஸீனை ஓதத் தொடங்கி, பாதியில் வசனம் பிசகி, மறுபடியும் முதலிலிருந்து ஓதினார்.

கதவடிக்கு வந்தபோது உம்மா கம்பிகளை விடவில்லை. ஓதி முடித்திருந்தார்.

"அவங்க உன்னக் கேட்டாங்களா மனே?" என்றார். குரலில் கோபம் இல்லை. "வீட்ட கொண்டு போறியா எண்டு கேட்டாங்களா?"

"ஓம் உம்மா."

உம்மா தலையை ஆட்டினார். பிறகு அவரைத் தாண்டி, அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அபுல் ஹஸன் கதவுக்கு உள்ளேயே நின்றார்.